பணிநீக்கம் பூஜ்யம், குறைந்த பணியிடம் பல்லாயிரம்: அமெரிக்க அஞ்சல் பிரிப்பு மையங்கள் மூடப்பட்ட கதையின் கணக்கு

2012 மே 17 அன்று அமெரிக்க அஞ்சல் துறை (யு.எஸ்.பி.எஸ்.) ஒரு மூடல் அட்டவணையை வெளியிட்டது. நாடு முழுதும் இருந்த சுமார் 460 பிரிப்பு மையங்களில் 229ஐ இரண்டு கட்டங்களாக மூடுவது அல்லது பக்கத்து மையத்தோடு சேர்த்துவிடுவது என்பது திட்டம். முதல் கட்டத்தில் 140, அடுத்த கட்டத்தில் 89. முதல் கட்டத்தால் 13,000 பணியிடம் குறையும், இரண்டும் முடிந்தால் 28,000 குறையும், ஆண்டுக்கு 210 கோடி டாலர் மிச்சமாகும் என்றது அறிவிப்பு.

முதல் கட்டம் 2013இல் முடிந்தது. கடைசிக் கணக்கில் 141 மையங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. 2014 ஜூன் 30 அன்று அடுத்த கட்டத்தை அறிவித்தபோது, முதல் கட்டத்தால் ஆண்டுக்கு 86.5 கோடி டாலர் மிச்சம், சேவையில் பொருட்படுத்தத் தக்க பாதிப்பில்லை, ஒருவர்கூடப் பணிநீக்கம் செய்யப்படவில்லை என்று துறை எழுதியது.

பல்லாயிரம் பணியிடம் போனது, பணிநீக்கம் பூஜ்யம். இரண்டும் உண்மைதான். நடுவில் என்ன நடந்தது, அந்தச் சுமை யார் தோளில் இறங்கியது என்பதே இந்த ஆய்வு.

மூட நேர்ந்த காரணம்: கடிதம் குறைந்தது பாதி, கடிகாரம் பாதி

கடிதங்கள் குறைந்தது எல்லோருக்கும் தெரியும். 2001இல் 10,370 கோடியாக இருந்த முதல் வகுப்பு அஞ்சல் 2011இல் 7,300 கோடிக்கு அருகே வந்துவிட்டது. எல்லா வகையும் சேர்த்து 2006இல் 21,300 கோடி. 2011இல் 16,800 கோடி. இதோடு, 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வுபெறப் போகிறவர்களின் மருத்துவச் செலவுக்கு முன்கூட்டியே ஆண்டுக்குச் சுமார் 550 கோடி டாலர் ஒதுக்கச் சொன்னது. 2012 நிதியாண்டில் துறை காட்டிய நட்டம் 1,590 கோடி டாலர். அதில் 1,110 கோடி இந்த ஒதுக்கீடுதான். கடிதம் குறைந்ததால் மட்டுமே மையங்கள் மூடப்பட்டன என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தக் கட்டாயம் 2022இல் சட்டத் திருத்தத்தால் நீங்கியது. மூடிய கட்டடங்கள் மூடியபடியே இருந்தன.

கடிகாரத்தின் பங்கைப் புரிந்துகொள்ள ஒரு பிரிப்பு மையத்தின் இரவைப் பார்க்க வேண்டும். நம்மூர் ஆர்.எம்.எஸ். (ரயில்வே அஞ்சல் பிரிவு) செய்யும் வேலைதான், இயந்திர அளவில். மாலை 5 மணிக்கு மேல் தபால் பெட்டிகளிலிருந்து எடுத்த கடிதங்கள் லாரிகளில் வந்து இறங்கும். முதல் இயந்திரம் கடிதங்களை ஒரே பக்கமாகத் திருப்பி, முத்திரை குத்தி, முகவரியைப் படம் பிடிக்கும். முகவரி படிக்க முடிந்தால் பட்டைக் குறி அச்சாகும். படிக்க முடியாததை வேறு ஊரில் திரைக்கு முன் இருக்கும் ஆள் படித்துத் தட்டச்சு செய்வார். (அப்படிப் படித்துக் கொடுக்கும் மையங்கள் 1990களில் 55 இருந்தன. கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள் தேறத் தேற, அவை ஒன்றிரண்டாகச் சுருங்கின. அந்த வேலையிழப்பைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை.)

அதன்பின் டி.பி.சி.எஸ். எனும் பிரிப்பு இயந்திரம். மணிக்கு 30,000 கடிதங்களுக்கு மேல் பிரிக்கும். இரண்டே பேர் போதும், ஒருவர் கடிதங்களை ஊட்டுவார், மற்றவர் பிரித்த கடிதங்கள் விழும் சிறு அறைகளிலிருந்து வாரி எடுப்பார். கடைசியில், ஒவ்வொரு தபால்காரரும் வீடு வீடாக நடக்கும் அதே வரிசையில் கடிதங்களை அடுக்க வேண்டும். அதற்கு ஒரே கட்டுக் கடிதங்களை இயந்திரத்தில் இரண்டு முறை ஓட்டுவார்கள். முதல் ஓட்டம் முழுதும் முடியாமல் இரண்டாம் ஓட்டத்தைத் தொடங்கவே முடியாது. ஒரு லாரி தாமதமானால் அந்த இயந்திரத்தின் எல்லாத் தெருக்களும் அதற்காகக் காத்திருக்கும்.

அன்று போட்ட கடிதம் உள்ளூர் வட்டத்தில் மறுநாளே போய்ச் சேர வேண்டும் என்பது பழைய விதி. அதனால் வரிசை அடுக்கும் வேலை நள்ளிரவு 12.30க்குத் தொடங்கி காலை 7க்குள் முடிந்தாக வேண்டும். ஆறரை மணி நேரம். அந்த ஆறரை மணிக்குத் தேவையான அளவு இயந்திரமும் ஆளும் கட்டடமும் வைத்திருந்தார்கள். பகலில் இயந்திரங்களில் பெரும்பாலானவை சும்மா நின்றன. மறுநாள் சேவையை எடுத்துவிட்டால், நேற்று வந்த கடிதங்களை வைத்து நண்பகலிலேயே தொடங்கி விடிகாலை 4 வரை ஓட்டலாம். பதினாறு மணி நேரம். அதே கடிதங்களுக்கு இயந்திரம் பாதிக்கும் குறைவாகப் போதும். இயந்திரம் குறைந்தால் கட்டடம் வேண்டாம். மாலை 6 முதல் காலை 6 வரை தர வேண்டிய இரவுப் படியும் குறையும்.

ஆக, 28,000 என்ற எண்ணின் பெரும்பகுதி வேகத் தரத்தைத் தளர்த்தியதிலிருந்து வந்தது. 2012 ஜூலை 1 அன்று முதல் தளர்வு வந்தது; ஒரே மையத்துக்குள் சுற்றும் கடிதங்களுக்கு மட்டும் மறுநாள் சேவை மிஞ்சியது. 2015 ஜனவரி 5 அன்று தனிநபர் கடிதங்களுக்கு அதுவும் போயிற்று.

முடிவு எடுக்கப்படும் முறை

ஒரு மையத்தை மூடுவதற்குத் துறையின் பி.ஓ.-408 கையேடு வழி சொல்கிறது. வேலை போகும் மையத்துக்கு 'இழக்கும் நிலையம்', வேலை சேரும் மையத்துக்கு 'பெறும் நிலையம்' என்று பெயர். இரண்டு நிலையங்களின் பன்னிரண்டு மாத வேலை மணி, போக்குவரத்து, பராமரிப்பு, ஒருமுறைச் செலவு, எந்தெந்தப் பின்கோடு சோடிகளுக்கு (புறப்படும் ஊர், சேரும் ஊர்) கடிதம் சேர எத்தனை நாள் கூடுகிறது என்பதெல்லாம் தாள்களில் நிரப்பப்படும். பொதுக்கூட்டம் ஒன்று நடக்கும். அதன்பின் 15 நாள் எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். மண்டலத் துணைத் தலைவர் ஒப்பமிட்டு, தலைமையகம் ஒப்புக்கொண்டால் முடிந்தது. மூடியபின் இரண்டு மறு ஆய்வுகள் செய்ய வேண்டும்.

காகிதத்தில் பழுதில்லை. பழுது இருப்பது தாளின் ஒரே ஒரு கட்டத்தில்: பெறும் நிலையம் அந்தக் கூடுதல் வேலையை எந்த உற்பத்தித் திறனில் செய்யும் என்ற ஊகம். இழக்கும் நிலையம் மணிக்கு இத்தனை கடிதம் கையாளுகிறது, பெறும் நிலையம் அதைவிட அதிகம் கையாளுகிறது, ஆகவே கூடுதல் வேலையும் அந்த உயர்ந்த விகிதத்திலேயே நடக்கும் என்று எடுத்துக்கொண்டால் மிச்சம் பெரிதாகத் தெரியும். புது ஆட்கள், நெருக்கடியான தளம், தாமதமாக வரும் லாரி ஆகியவற்றோடு அந்த விகிதம் நிற்காது. அஞ்சல் ஒழுங்குமுறை ஆணையம் 2012 செப்டம்பர் 28 அன்று தந்த ஆலோசனைக் கருத்தில், திட்டம் நடக்கும் விதத்தைப் பொறுத்து மிச்சம் 4.6 கோடி டாலராகவும் இருக்கலாம், 200 கோடியாகவும் இருக்கலாம் என்றது. நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். அப்படிப்பட்ட மதிப்பீட்டை வைத்து ஒரு சாதாரணக் கடையைக்கூட மூட மாட்டார்கள்.

நாடு தழுவிய சேவை மாற்றத்துக்கு முன் ஆணையத்தின் கருத்தைக் கேட்கச் சட்டம் சொல்கிறது. கேட்கத்தான் வேண்டும், கட்டுப்பட வேண்டியதில்லை. 2011 டிசம்பரில் கேட்டார்கள். கருத்து வந்தபோது முதல் கட்டத்தின் முதல் தவணை மூடல்கள் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது.

ஆள் குறையும் வரிசை

யார் முதலில் போவார், யார் கடைசி என்பது மேலாளரின் விருப்பத்தில் இல்லை. எல்லாம் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் இருக்கிறது. எழுத்தர்கள், பராமரிப்பாளர்கள், லாரி ஓட்டுநர்களுக்கு ஏ.பி.டபிள்யூ.யு. என்ற சங்கம்; மூட்டை முடிச்சுகளைக் கையாளும் மெயில் ஹேண்ட்லர்களுக்கு என்.பி.எம்.எச்.யு. ஏ.பி.டபிள்யூ.யு. ஒப்பந்தத்தில் 6ஆம் பிரிவு பணிநீக்கத்தைப் பற்றியது. 12ஆம் பிரிவு உபரி ஊழியரை இடம் மாற்றுவது பற்றியது.

6ஆம் பிரிவுப்படி, ஆறு ஆண்டு தொடர்ச்சியாகப் பணியாற்றிய நிரந்தர ஊழியரைப் பணிநீக்கம் செய்ய முடியாது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது நிரந்தரப் பட்டியலில் இருந்த மற்றவர்களுக்கும் அந்த ஒப்பந்தக் காலம் வரை பாதுகாப்பு உண்டு. 'பணிநீக்கம் இல்லை' என்ற வாக்கியம் துறையின் பெருந்தன்மையால் வந்ததில்லை. செய்ய வழியே கிடையாது.

ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே ஒரு கூட்டம் இருக்கிறது. 2011இல் கையெழுத்தான ஒப்பந்தம் பி.எஸ்.இ. என்ற தற்காலிக ஊழியர் வகையை உருவாக்கியது. 360 நாள் நியமனம், ஐந்து நாள் இடைவெளி, மறுபடி 360 நாள். ஊதியம் உச்சப் படியில் உள்ள நிரந்தர எழுத்தர் வாங்குவதில் சுமார் பாதி. பிரிப்பு வேலையில் நிரந்தர எழுத்தர் எண்ணிக்கையில் 20 சதவீதம் வரை இவர்களை வைக்கலாம். மெயில் ஹேண்ட்லர் பக்கம் இதே போன்ற எம்.எச்.ஏ. வகை 2013 நடுவர் தீர்ப்பில் வந்தது.

இனி 12ஆம் பிரிவு நடைமுறையில் ஓடும் வரிசை.

முதலில் சுற்றுவட்டாரத்தில் காலியிடங்களைப் 'பிடித்து வைப்பது'. மூடல் தேதிக்குப் பல மாதம் முன்பே, உபரியாகப் போகிறவர்களுக்கு இடம் வேண்டும் என்று சொல்லி, சுற்றியுள்ள அலுவலகங்களில் ஏற்படும் காலியிடங்களை நிரப்பாமல் நிறுத்துவார்கள். இதன் விளைவு மூடப்படாத ஊர்களில் முதலில் தெரியும்: அங்குள்ள பி.எஸ்.இ. நிரந்தரமாவது நின்றுபோகும், இடமாற்றம் கேட்டுக் காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார், ஓவர்டைம் ஏறும். தேவைக்கு மேல் பிடித்து வைப்பது, மூடல் தள்ளிப்போனபின்னும் விடாமல் வைத்திருப்பது ஆகிய இரண்டும் அடிக்கடி புகாராகின. சங்கப் பிரதிநிதி கேட்டுப் பெற வேண்டிய முதல் காகிதம் இந்தப் பட்டியல்தான்: எத்தனை இடம், எந்த ஊர், எந்தத் தேதியிலிருந்து, எந்த நிகழ்வுக்காக.

அடுத்து அறிவிப்பு. சங்கத்துக்கு மண்டல அளவில் 90 நாள், ஊழியருக்கு 60 நாள். சங்கத்துக்கு வரும் அறிவிப்போடு, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஆகும் வேலை மணி ஒப்பீடும் வர வேண்டும். மூடலுக்குப்பின் அந்த மணிகள் உண்மையில் குறைந்ததா என்று ஒத்துப் பார்த்தால்தான், தேவையில்லாமல் அனுப்பப்பட்டவர் திரும்பி வர வழக்காட முடியும். பல இடங்களில் இந்த ஒத்துப்பார்த்தலை யாரும் செய்வதில்லை. செய்யத் தெரிந்த பிரதிநிதியே உபரியாகி ஊர் மாறிப் போயிருப்பார்.

பிறகுதான் ஆட்கள். தற்காலிகர்களை முடிந்த அளவு முதலில் விலக்க வேண்டும். பி.எஸ்.இ.யின் 360 நாள் முடியும்போது புதுப்பிக்காமல் விட்டாலே போதும். 'நியமனக் காலம் முடிந்தது' என்று பதிவாகும். பணிநீக்கக் கணக்கில் இவர்கள் சேர்வதில்லை. நாலைந்து மாத வாடகைக்குக் கையில் பணமில்லாத ஆள் வெளியேறுகிறார். அறிக்கையில் பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கிறது.

நிரந்தர ஊழியரில் பணிமூப்பு குறைந்தவர் முதலில் உபரி. மூத்தவர் ஒருவர் விரும்பினால் இளையவருக்குப் பதிலாகத் தாமே போகலாம். உபரியானவர்களுக்குக் காலியிடப் பட்டியல் கொடுத்து, பணிமூப்பு வரிசையில் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எழுத்தர் எழுத்தராகவே வேறு நிலையத்துக்குப் போனால் பணிமூப்பு கூடவே வரும். ஆனால் அவருக்குக் கிடைப்பது அங்குள்ள எவரும் கேட்காமல் மிஞ்சிய இடம்: இரவு வேலை, செவ்வாயும் புதனும் விடுமுறை. இருபத்தைந்து வருட அனுபவக்காரர் அடுத்த ஏலம் (பணிமூப்பு வரிசையில் பணியிடங்களைக் கேட்டு எடுக்கும் முறை) வரை அதில் இருக்க வேண்டும். ஏலம் வந்ததும் அவர் பணிமூப்பைக் காட்டி நல்ல இடத்தை எடுப்பார். அதற்குள் அந்த நிலையத்தின் பழைய ஆள் ஒருவர் இரவுக்குத் தள்ளப்படுவார். இழக்கும் நிலையத்தின் ஊழியர்களும் பெறும் நிலையத்தின் ஊழியர்களும் ஒரே சங்கத்தில் இருந்துகொண்டே முறைத்துக்கொள்வது இங்கேதான் தொடங்குகிறது.

எழுத்தர் இடம் போதாவிட்டால் வேறு பிரிவு: தபால்காரராகவோ மெயில் ஹேண்ட்லராகவோ போகலாம். அங்கே பணிமூப்பு புதிதாக எண்ணப்படும். ஐம்பது வயதில், இயந்திரத்துக்கு முன் நின்ற முழங்காலோடு, பையைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாகத் தெருவில் இறங்க வேண்டும். தரம் குறைந்த பணிக்குப் போனால் பழைய ஊதியத் தரம் காக்கப்படும். பழைய தரத்தில் காலியிடம் வரும்போதெல்லாம் அதற்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒருமுறை மறந்தாலும் காப்பு போகலாம்.

திரும்பும் உரிமையும் உண்டு: பழைய நிலையத்தில் அதே தரத்தில் முதலில் விழும் காலியிடம் அவருக்கு. மறுத்தால் உரிமை முடிந்தது. பூட்டிய கட்டடத்துக்கு எப்படித் திரும்புவது என்று கேட்கலாம். கட்டடம் எந்த நிலையத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதில் பதில் இருக்கிறது. பிரிப்பு மையமும் அந்த ஊர்த் தபால் நிலையமும் ஒரே நிலையமாகப் பதிவாகியிருந்தால், தபால் நிலைய கவுன்டரில் விழும் இடத்துக்கு அவர் திரும்பலாம். தனித்தனி என்றால் அந்த உரிமை காகிதத்தோடு சரி. மூடல் வதந்தி வந்த அன்றே பார்த்துவைக்க வேண்டிய விவரம் இது.

மேற்பார்வையாளர்களுக்கு இந்தப் பாதுகாப்புகள் எதுவும் இல்லை. அவர்கள் அரசுப் பணி ஆட்குறைப்பு விதிகளின் கீழ் வருகிறார்கள். பணிக்காலம், முன்னாள் படைவீரர் முன்னுரிமை ஆகியவற்றை வைத்துத் தரவரிசை போடப்படும். பராமரிப்புப் பிரிவின் கதி இயந்திரத்தோடு பிணைந்தது. டி.பி.சி.எஸ். எங்கே போகிறதோ, அதைப் பழுது பார்க்கும் பணியிடமும் அங்கே போகிறது. போகாத இயந்திரம் உடைத்து எடைக்குப் போடப்பட்டால், அந்தப் பணியிடமும் அதோடு முடிந்தது.

தூரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டாய மாற்றத்துக்கு 50 மைல் என்ற எல்லையைச் சங்கம் பேரம் பேசி வாங்கியது, நல்ல வெற்றிதான். ஆனால் 50 மைல் போய், 50 மைல் வர, வாரம் ஐந்து நாளுக்கு 500 மைல். அமெரிக்க வருமான வரித் துறை 2012இல் வணிகப் பயணத்துக்கு வைத்த மதிப்பு மைலுக்கு 55.5 சென்ட். அந்தக் கணக்கில் வாரம் 277.50 டாலர், ஐம்பது வாரத்துக்கு 13,875 டாலர். வேலைக்குப் போய்வரும் பயணத்துக்குத் துறை பணம் தராது, வரியிலும் கழிக்க முடியாது. அன்றைக்கு உச்சப் படியில் இருந்த எழுத்தரின் ஆண்டுச் சம்பளம் 50,000 டாலரைச் சற்றுத் தாண்டும். பனிக்காலத்தில் இரவு வேலை முடித்து விடிகாலையில் நெடுஞ்சாலையில் திரும்புவதற்கு விலை எதுவும் போடவில்லை.

ஓர் எண் கணக்கு

உண்மையான மையம் ஒன்றின் கணக்கு இதுவென்று கொள்ள வேண்டாம். வரிசை விளங்குவதற்காகப் போட்டது. ஒரு மையத்தில் 100 நிரந்தர எழுத்தர், 20 பி.எஸ்.இ. மூடியபின் அந்த ஊரில் லாரி மாற்றும் தளத்துக்கு 15 பேர் போதும். பெறும் நிலையம் கூடுதலாக 55 பேர் கேட்கிறது. ஆக 120 இடம் 70 ஆகிறது, 50 போகிறது.

20 பி.எஸ்.இ. புதுப்பிக்கப்படவில்லை. நிரந்தரர் 100 பேரில் 70 பேருக்கு இடம் உண்டு. 30 பேர் உபரி. அவர்களில் 18 பேர் ஊக்கத்தொகை வாங்கிக்கொண்டு ஓய்வு பெறுகிறார்கள். மீதி 12 பேர் சுற்றுவட்டாரத்தில் பிடித்து வைத்த இடங்களுக்குத் தபால்காரராகப் போகிறார்கள். பணிநீக்கம்: பூஜ்யம். ஆனால் அந்த 12 இடமும் வேறு பன்னிரண்டு தற்காலிகத் தபால்காரர்கள் நிரந்தரமாகக் காத்திருந்த இடம். இழப்பு மறையவில்லை, பக்கத்து ஊர்களில், சங்கக் கூட்டத்தில் பேசத் தயங்கும் புதிய ஆட்களிடம் போய்ச் சேர்ந்தது. பெறும் நிலையத்துக்குப் போன 55 பேர் கார் ஓட்டுகிறார்கள்.

நாடு தழுவிய எண்களில் இதே உரு தெரிகிறது. 2012 நிதியாண்டு முடிவில் நிரந்தர ஊழியர் சுமார் 5,28,000. ஓராண்டில் அது சுமார் 4,91,000 ஆயிற்று. அதே ஓராண்டில் தற்காலிகர் எண்ணிக்கை சுமார் ஒரு லட்சத்திலிருந்து 1,27,000 வரை ஏறியது. இதற்கு மூடல் மட்டுமே காரணம் அல்ல. 2012 இலையுதிர் காலத்தில் ஏ.பி.டபிள்யூ.யு. ஊழியர்களுக்கு 15,000 டாலர் ஊக்கத்தொகை, இரண்டு தவணையில், அறிவிக்கப்பட்டது. 20,000க்கும் மேற்பட்டோர் ஏற்று 2013 ஜனவரி இறுதியில் போனார்கள். ஐம்பது வயதும் இருபது வருடப் பணியும் இருந்தாலோ, எந்த வயதிலும் இருபத்தைந்து வருடப் பணி இருந்தாலோ முன்கூட்டி ஓய்வு பெறலாம். இரண்டையும் நெருங்கி ஓரிரு வருடம் குறைந்தவர்களுக்குத்தான் மிக மோசம்: ஓய்வும் இல்லை, உள்ளூர் இடமும் இல்லை.

ஊக்கத்தொகையில் தெரியாத செலவு ஒன்று உண்டு. எந்த ஊரில் எத்தனை பேர் போவார்கள் என்பதைத் துறை முடிவு செய்யவில்லை, விருப்பப்பட்டவர் போனார்கள். பெறும் நிலையங்களில் இரவு இயந்திரத்தை நன்றாக அறிந்தவர்களும் சேர்ந்தே போனார்கள், கூடுதல் கடிதங்கள் வந்து சேரும் அதே பருவத்தில்.

பெறும் நிலையத்தில் கெட்டது எப்படி

வேலை சேரும் இடம் தடுமாறினால் மிச்சம் முதலில் ஓவர்டைமாகக் கரையும். முதலில் லாரித் தளம்: நூறு மைல் தள்ளி இருந்து வரும் வண்டிகள் எல்லாம் மாலை 8 முதல் 10 வரை ஒன்றாக வந்து நிற்கும், கதவு எண்ணிக்கை பழையதே. அடுத்து பிரிப்பு அறைகள்: ஒரு இயந்திரத்தில் இருப்பது இவ்வளவு அறைதான், புதிய ஊர்களைச் சேர்த்தால் பழைய ஊர்களை ஒன்றாக்க வேண்டும், ஒன்றாக்கியதை மறுபடி ஓட்ட வேண்டும். ஒருமுறை தொட்ட கடிதத்தை இருமுறை தொடுவதில் தாளில் காட்டிய உற்பத்தித் திறன் போய்விடும். மூன்றாவது, அந்த இரண்டாம் ஓட்டம். கடைசி லாரி அரை மணி பிந்தினால், நூறு மைல் தள்ளி இருக்கும் தபால்காரர்கள் காலையில் வெறும் கையோடு நிற்பார்கள், அல்லது அடுக்காத கடிதங்களைத் தாங்களே அடுக்குவார்கள். அந்த மணி நேரமும் செலவுதான்; வேறு கணக்குத் தலைப்பில் விழுவதால் மூடலோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

ஊருக்குள் முதலில் அடி வாங்கியவை வாரப் பத்திரிகைகள். வெளியூர்ச் சந்தாதாரருக்கு வியாழக்கிழமை போன இதழ் அடுத்த திங்கள், செவ்வாய் என்று போனது. மருந்து, காசோலை, நீதிமன்ற அறிவிப்பு எல்லாவற்றுக்கும் ஒரு நாள், இரண்டு நாள் கூடியது.

இரண்டாம் கட்டம் நின்ற விதம்

2014 ஜூன் அறிவிப்பில் 82 மையங்கள் வரை இருந்தன. சுமார் 15,000 ஊழியரைத் தொடும், ஆண்டுக்கு 75 கோடி டாலர் மிச்சம் என்றார்கள். ஆகஸ்டில் 50 செனட்டர்கள் ஓராண்டு நிறுத்தி வைக்கக் கேட்டார்கள். நவம்பர் 14 அன்று அஞ்சல் சங்கங்கள் நாடு முழுதும் ஆர்ப்பாட்டம் நடத்தின. இருந்தும் 2015 ஜனவரி 5 அன்று புதிய நேர அட்டவணை தொடங்கியது. ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான இரவுப் பணியிடங்கள் பகலுக்கும் மாலைக்கும் மாறின; எல்லாவற்றையும் மறு ஏலம் விட வேண்டியிருந்தது. கூடவே பனிப்புயல்கள். மூன்று முதல் ஐந்து நாள் தரத்துக் கடிதங்களில் 95.25 சதவீதம் குறித்த நாளுக்குள் சேர வேண்டும் என்பது இலக்கு, அந்த நிதியாண்டில் எட்டியது 80க்கும் கீழே. 17 மையங்களோடு நிறுத்தி, மே மாதம் மீதியைத் தள்ளி வைத்தார்கள். பிறகு அதைத் தொடரவே இல்லை.

2018 அக்டோபரில் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், இந்த நேர மாற்றத்தின் மிச்சத்தைக் கணக்குப் பார்த்தது. 2016, 2017 இரண்டு நிதியாண்டுக்கும் சேர்த்து எதிர்பார்த்தது 161 கோடி டாலர். கிடைத்தது சுமார் 9.1 கோடி. ஆறு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் மறுநாள் சேவை திரும்பி வரவில்லை, பணியிடங்களும் வரவில்லை. எதிர்பார்த்த மிச்சம் வராவிட்டால் பழையபடி ஆக்குவது என்ற வரி பி.ஓ.-408 முறையில் எங்கும் இல்லை. மறு ஆய்வு உண்டு, மறுதிறப்பு கிடையாது.

கட்டடத்தை மூடாமல் வேலையை எடுப்பது

2021 மார்ச்சில், அப்போது அஞ்சல் துறைத் தலைவராக இருந்த லூயி டிஜாய் தலைமையில் வந்த பத்தாண்டுத் திட்டம் உத்தியை மாற்றியது. மையம் மூடப்படாது, 'உள்ளூர்ப் பிரிப்பு மையம்' என்று பெயர் மாறும். அந்த ஊரிலிருந்து புறப்படும் கடிதங்களைப் பிரிக்கும் வேலை தொலைவில் உள்ள மண்டல மையத்துக்குப் போகும். வந்து சேரும் கடிதங்களை அடுக்கும் வேலை மட்டும் உள்ளூரில் இருக்கும். ஓரிகன் மாநிலத்தின் தென்கோடியில் உள்ள மெட்ஃபோர்டில் போடும் கடிதம் 270 மைல் வடக்கே போர்ட்லாந்துக்குப் போய், பிரிக்கப்பட்டு, மெட்ஃபோர்டுக்கே திரும்புகிறது. தபால் வழியே வாக்களிக்கும் மாநிலத்தில் முத்திரைத் தேதி எங்கே, எப்போது விழுகிறது என்பது சிறிய விஷயம் இல்லை. ரிச்மண்ட் மண்டல மையம் 2023 ஜூலையிலும் அட்லாண்டாவுக்கு அருகே பால்மெட்டோ மையம் 2024 பிப்ரவரியிலும் தொடங்கியபோது இரு வட்டாரங்களிலும் கடிதங்கள் தேங்கின. 2024 மே மாதம், மீதியுள்ள மாற்றங்களை 2025 ஜனவரி வரை நிறுத்திவைப்பதாக டிஜாய் செனட்டுக்கு எழுதினார்.

வேலையிழப்பைப் பொறுத்தவரை இந்த வடிவத்தில் ஒரு புதிய சிக்கல். கட்டடம் திறந்திருப்பதால் 'மூடல்' என்ற பதிவே இல்லை. இழக்கும் பணியிடங்கள் பெரும்பாலும் மாலை, முன்னிரவு ஷிப்டில், புறப்படும் கடிதங்களைத் திருப்பி முத்திரை குத்தும் பகுதியில். ஒவ்வொரு ஆய்வின் சுருக்கத்திலும் நிரந்தர ஊழியருக்குப் பணிநீக்கம் இல்லை என்ற வரி தவறாமல் இருக்கிறது. பொதுக்கூட்டத்தில் அதைக் கேட்பவர்கள் அடுத்துக் கேட்க வேண்டியவை: ஷிப்ட் வாரியாக எத்தனை பணியிடம், தற்காலிகர் எத்தனை பேர், அவர்களின் 360 நாள் எந்த மாதம் முடிகிறது, 50 மைலுக்குள் பிடித்து வைத்த காலியிடம் எத்தனை, எந்தப் பிரிவில், தபால் நிலையமும் மையமும் ஒரே நிலையமாகப் பதிவாகியுள்ளதா, முத்திரை இயந்திரம் நிற்கிறதா, போகிறதா. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கொண்டே முதல் கேள்விக்கு வரும் பதில் சரிதானா என்று பார்க்கலாம். அந்த இயந்திரம் போய்விட்டால் மாலை ஷிப்டுக்கு வேலை என்று எதுவும் மிஞ்சாது.